வில்லன் இல்லாத குப்பை

மூன்று கால் நாய் ஒன்று ஊருக்குப் புதிதாக வருகிறது. மற்ற நாய்கள் முதலில் மிரள்கின்றன, ஒதுங்குகின்றன. பழகிப் பார்த்த பிறகுதான் அதுவும் தங்களைப் போன்ற நாய்தான் என்று அவற்றுக்குப் புரிகிறது. 'கிளிஃபர்ட்' என்ற பெரிய சிவப்பு நாயை வைத்து எடுத்த கார்ட்டூன் தொடரில் வரும் கதை இது. அமெரிக்க ஆய்வாளர் மேரி-லூயிஸ் மேர்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் இதை மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டி, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். நம்மைப் போல இல்லாதவர்களை ஒதுக்கக் கூடாது என்பது பெரியவர்களுக்குப் பளிச்சென்று தெரியும் விடை. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது எட்டவே இல்லை, அவர்கள் பதில் நாயோடு நின்றுவிட்டது. 2008இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருங்கள்' என்றுதான் தொடங்கும்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. கதையில் இருந்தது மூன்று கால் நாய்தானே? மனிதர்களைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. நாயிலிருந்து மனிதனுக்குத் தாவுகிற வேலையைப் பெரியவர்களின் மூளை தானாகச் செய்துவிடுகிறது, ஐந்து வயது மூளைக்கு அந்தத் தாவல் இன்னும் பழகவில்லை. குழந்தை கண்ணால் பார்த்ததை எடுத்துக்கொள்கிறது.

சுற்றுச்சூழல் கார்ட்டூன்களைப் பற்றிப் பேசும்போது இந்த நாயை மறக்காமல் இருப்பது நல்லது. ஆற்றைக் காக்கச் சொல்லும் ஒரு கதையில் குழந்தை உண்மையில் பார்ப்பது என்ன? கெட்டவன் ஒருவன் சிரித்துக்கொண்டே பீப்பாய் பீப்பாயாக விஷத்தைக் கொட்டுகிறான். நல்லவன் பறந்து வந்து அவனை அடித்துத் துரத்துகிறான். ஆறு மறுபடி நீலமாகிறது. இதில் அந்தக் குழந்தை செய்ய வேண்டியது எங்கே இருக்கிறது?

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்த அண்ணன் 'கேப்டன் பிளானட்'. சிஎன்என் செய்தித் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னரும் தயாரிப்பாளர் பார்பரா பைலும் சேர்ந்து உருவாக்கிய தொடர். 1990 செப்டம்பரில் தொடங்கி 1996 வரை 113 பகுதிகள் வந்தன. உலகின் ஐந்து மூலைகளிலிருந்து ஐந்து இளைஞர்கள், ஆளுக்கு ஒரு மோதிரம். நிலம், தீ, காற்று, நீர் என்று நான்கு மோதிரங்களைக் கேட்டதும் தமிழ்க் காது ஐந்தாவதாக வானத்தை எதிர்பார்க்கும். அங்கே வந்ததோ இதயம். ஐந்தும் சேர்ந்தால் பச்சை முடியோடு கேப்டன் பிளானட் எழுந்து வருவார். அசுத்தம் மேலே பட்டால் அவருக்குச் சக்தி போய்விடும். அமேசான் காட்டிலிருந்து வரும் மா-டி என்ற பையனிடம் இருந்த அந்த இதய மோதிரத்தை அப்போதே எல்லோரும் கிண்டல் செய்தார்கள். மற்றவன் தீயைக் கக்கும்போது இவன் விலங்குகளோடு மனசாலே பேசிக்கொண்டிருந்தால் எந்தச் சிறுவனுக்குப் பிடிக்கும்? இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த ஐந்தில் சூழலுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய மோதிரம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. (அந்த ஐவரில் ஒருத்தியான லிங்கா முதலில் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தாள். நாடு கலைந்ததும் கிழக்கு ஐரோப்பாக்காரி ஆகிவிட்டாள். கார்ட்டூனுக்கும் வரைபடம் மாறும்.)

அந்தத் தொடரின் வில்லன்கள் யார் என்று பாருங்கள். பன்றி மூக்கோடு ஒருவன், எலி முகத்தோடு ஒருவன், பைத்தியக்கார விஞ்ஞானி ஒருத்தி, கொள்ளை என்றே பொருள் வரும் பெயரோடு ஒரு முதலாளி. லாபத்துக்காக நாசம் செய்வார்கள், அந்த நாசத்தை ரசிக்கவும் செய்வார்கள். ஆனால் உலகில் நடக்கும் கேடுகளில் பெரும்பங்கு இப்படி நடப்பதில்லை. புகையை விட வேண்டும் என்ற ஆசையில் யாரும் வண்டியைக் கிளப்புவதில்லை, வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. சாயக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்றால் அந்தச் சாயம் ஏறிய சட்டையை யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டை நடத்துவது கெட்ட எண்ணம் என்று சொல்வதைவிடப் பழக்கம், வசதி, விலை, அவசரம் என்று சொல்வதுதான் சரி. இதை வரைவது கஷ்டம். பழக்கத்துக்கு முகம் கிடையாது, அவசரத்துக்குப் பன்றி மூக்கு வைக்க முடியாது. அதனால் கார்ட்டூன் தனக்குத் தெரிந்த வழியில் ஒரு வில்லனைக் கொண்டுவருகிறது. குழந்தையும் தனக்குத் தெரிந்த வழியில் முடிவுக்கு வருகிறது: அழுக்கு செய்பவர்கள் வேறு யாரோ, நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு, அது கதை வடிவத்திலேயே இருக்கிறது. அரை மணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம். அதற்குள் கேடு நடக்க வேண்டும், தீர வேண்டும், அடுத்த வாரம் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். மலையிலிருந்து விழுந்த பூனை தட்டையாகி, எழுந்து, உதறிக்கொண்டு ஓடுகிற உலகம் கார்ட்டூன் உலகம். எதுவும் நிரந்தரமாகக் கெடாது. சுற்றுச்சூழல் அறிவின் முதல் பாடமோ நேர் எதிரானது. வெட்டிய காடு அடுத்த வாரம் திரும்பி வராது. அழிந்த உயிரினம் எந்தப் பகுதியிலும் திரும்பி வராது. சொல்ல வரும் செய்தியும் சொல்லும் வடிவமும் ஒன்றையொன்று காலை வாரிவிடுகின்றன.

கேப்டன் பிளானட் குழுவினருக்கு இது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு சின்ன இணைப்பு வரும், வீட்டில் நீங்கள் இதைச் செய்யலாம் என்று. சக்தி உன்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லித்தான் ஹீரோ விடைபெறுவார். சிரிக்க நிறைய இருந்தாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: புவி வெப்பமாவதைப் பற்றிப் பெரியவர்களின் செய்திகளே அதிகம் பேசாத காலத்தில் குழந்தைகளிடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோன தொடர் அது. அதன் பெயரில் 1991இல் தொடங்கிய அறக்கட்டளை பள்ளிகளின் தோட்டங்களுக்கும் சூழல் திட்டங்களுக்கும் நிதி கொடுத்து வருகிறது. ஆனால் சண்டைக்குக் கிடைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த வீட்டுப்பாட இணைப்புக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். 2006இல் அமெரிக்காவில் மழலையரிடம் நடந்த வேறொரு ஆய்வு இங்கே கவனிக்கத் தக்கது. கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த குழந்தைகளிடம், 'உன்னைச் சேர்த்துக்க மாட்டேன்' வகையிலான வம்பு கூடியிருந்தது. அந்த நிகழ்ச்சிகள் சண்டையை நீட்டி நீட்டிக் காட்டிவிட்டுச் சமாதானத்தைக் கடைசியில் அவசரமாக முடிப்பதால், குழந்தைகள் நீண்ட பகுதியையே கற்றுக்கொள்கிறார்கள் போலும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குழந்தைக்கு நிமிடக் கணக்குதான் பாடம்.

சரி, சண்டையும் வேண்டாம், கதையும் வேண்டாம், ஒரே ஒரு செய்தியை ஒரே ஒரு பாத்திரம் திரும்பத் திரும்பச் சொன்னால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள், எண்பது ஆண்டுக்கும் மேலாக.

1944இல் அமெரிக்க வனத்துறைக்குக் காட்டுத்தீயைத் தடுக்க ஒரு விளம்பர முகம் தேவைப்பட்டது. டிஸ்னியின் மான்குட்டி பாம்பியை ஓராண்டுக்குக் கடன் வாங்கினார்கள். கெடு முடிந்ததும் சொந்தமாக ஒரு கரடியை வரைந்துகொண்டார்கள். தொப்பியும் நீலக் கால்சட்டையும் போட்ட அந்த ஸ்மோக்கி கரடிதான் அமெரிக்க விளம்பர வரலாற்றில் மிக நீண்ட காலம் ஓடிய பொதுநல விளம்பரத்தின் முகம். 'காட்டுத்தீயை உங்களால் மட்டுமே தடுக்க முடியும்' என்ற வாசகம் 1947இல் வந்தது. 1950இல் நியூ மெக்சிகோவில் தீயில் கருகித் தப்பிய ஒரு கரடிக்குட்டிக்கும் அதே பெயர் வைத்து வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் எழுதிய கடிதங்கள் குவிந்ததில் 1964இல் கரடிக்குத் தனி அஞ்சல் குறியீட்டு எண்ணே கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு படத்தால் ஒரு வாசகத்தைக் குழந்தைகள் மனதில் பதிய வைக்க முடியுமா என்று கேட்டால், இதைவிடப் பெரிய ஆம் கிடைக்காது.

பதிந்த வாசகம்தான் பிரச்சினை. எல்லாத் தீயும் கெட்டது என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் காடுகள் பலவற்றுக்குத் தீ வாழ்க்கையின் ஒரு பகுதி. ராட்சத செக்வோயா மரத்தின் காய்கள் தீயின் சூட்டில் உலர்ந்து திறந்து விதையைக் கொட்டும். சருகு எரிந்து வெறுமையான மண் கிடைத்தால்தான் அந்த விதை நன்றாக முளைக்கும். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகள் சின்னச் சின்னத் தீயை வேண்டுமென்றே வைத்துக் காட்டைப் பராமரித்தார்கள். எந்தத் தீயையும் பார்த்த மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று 1935இலேயே வனத்துறை ஒரு விதி வைத்திருந்தது, ஆகவே எல்லாப் பழியையும் கரடி மேல் போடுவது நியாயமில்லை. இருந்தாலும் அந்த விதிக்கு மக்களின் மனதில் இடம் பிடித்துக் கொடுத்தது கரடிதான். பல பத்தாண்டுகள் எரியாமல் காய்ந்த புதரும் சருகும் சேர்ந்துகொண்டே போயின. பிறகு தீ பிடித்தபோது சின்னத் தீ பெருந்தீ ஆனது. 2001இல் கரடியின் வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினார்கள், வனத்துறையே திட்டமிட்டு வைக்கும் தீ வேறு, கட்டுமீறும் தீ வேறு என்று காட்ட. குழந்தையாக முதல் வாசகத்தைக் கற்றவர்கள் அதற்குள் பாட்டி தாத்தா ஆகியிருந்தார்கள்.

அடுத்த வழி, அறிவுரையே சொல்லாமல் அன்பை மட்டும் வளர்ப்பது. ஒரு விலங்கை நேசிக்கும் குழந்தை அதற்குக் கெடுதல் செய்யாது என்பது பலருடைய நம்பிக்கை, கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் 1977இல் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் வந்தது. ராஸ்கல் என்ற ரக்கூன் குட்டியையும் அதை வளர்க்கும் சிறுவனையும் பற்றிய 52 பகுதித் தொடர். ரக்கூன் வட அமெரிக்க விலங்கு, ஜப்பானில் கிடையாது. தொடரைப் பார்த்த குழந்தைகள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள், வியாபாரிகள் இறக்குமதி செய்தார்கள். ரக்கூன் குட்டியாக இருக்கும்வரைதான் செல்லம். வளர்ந்தால் கடிக்கும், கதவைத் திறக்கும், வீட்டைப் புரட்டிப் போடும். சலித்துப்போனவர்கள் அவற்றைக் காட்டில் விட்டார்கள், பல தானாகவே தப்பித்தன. இன்று அவை ஜப்பான் முழுக்கப் பயிரைத் தின்று, பழைய மரக் கோவில்களின் கூரைக்குள் குடியிருந்து, உள்ளூர்த் தவளைகளையும் நீர்ப்பல்லிகளையும் வேட்டையாடுகின்றன. 2005இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தில் ரக்கூனை வளர்ப்பதற்கே தடை.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்தத் தொடரின் முடிவில் சிறுவன் ராஸ்கலைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டில் விட்டுவிடுகிறான். காட்டு விலங்கின் இடம் வீடு அல்ல என்பதுதான் கதை சொல்ல வந்த பாடம். குழந்தைகள் நீண்ட பகுதியைக் கற்றார்கள். பெற்றோர்கள் கடைசிப் பகுதியைச் செய்தார்கள், அந்த விலங்குக்குச் சம்பந்தமே இல்லாத காட்டில்.

ஆமைகளின் கதையும் இதே மாதிரிதான். 1987இல் தொடங்கிய நிஞ்சா ஆமைக் கார்ட்டூன் உச்சத்தில் இருந்தபோது செங்காது ஆமைக் குஞ்சுகள் ஐரோப்பாவில் செல்லப் பிராணியாக விற்றுத் தீர்ந்தன. நாணயம் அளவு குஞ்சு சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு ஆகும், முப்பது ஆண்டுவரைகூட வாழும். தொட்டியில் இடம் போதாமல் குளங்களில் கொண்டுபோய் விட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியைத் தடை செய்தது. இந்த ஆமை அதற்கு முன்பும் விற்றதுதான், கார்ட்டூன் அதை இன்னும் தள்ளிவிட்டது.

இத்தகைய கதைகள் பிடித்துவிட்டால் எல்லாவற்றையும் அதே அச்சில் வார்க்கும் ஆசை வரும். 2003இல் கோமாளி மீனைப் பற்றிய படம் வந்ததும், கோமாளி மீனை எல்லோரும் வாங்கிக் குவித்ததாகச் செய்திகள் பரவின. (எல்லாச் சாக்கடையும் கடலுக்குத்தான் போகும் என்று அந்தப் படத்தில் ஒரு மீன் சொல்ல, கழிவறையில் மீனை விட வேண்டாம், வழியில் அரைபட்டுவிடும் என்று கழிவுநீர் இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று அறிவிப்பு விட்டது.) 2016இல் நீல மீன் டோரியைப் பற்றிய படம் வந்தபோது ஆய்வாளர்கள் கணக்கெடுத்தே பார்த்துவிட்டார்கள். அந்த மீனைப் பற்றி இணையத்தில் தேடியவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அமெரிக்காவுக்கு மீன் இறக்குமதி கூடியதற்குச் சான்று இல்லை. ஆக, கார்ட்டூன் பார்த்த குழந்தை கடைக்கு ஓடும் என்பது விதி ஒன்றும் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆர்வம் எழும். அந்த நேரத்தில் அந்த ஆர்வத்துக்கு எதிரே எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாக அது போகும். கடைக் கதவு திறந்திருந்தால் கடைக்கு.

பெரும்பாலும் திறந்திருப்பது கடைக் கதவுதான். காரணம் எளிது, குழந்தைகள் தொலைக்காட்சிக்குப் பணம் வருவது பொம்மையிலிருந்தும் தின்பண்டத்திலிருந்தும். பூமியைக் காப்பாற்றும் ஹீரோவும் பிளாஸ்டிக் பொம்மையாகத்தான் வீட்டுக்கு வருவார். இதில் உச்சம் என்று நான் நினைப்பது 'லோராக்ஸ்'. டாக்டர் சூஸ் 1971இல் எழுதிய குழந்தைகள் புத்தகம், அடுத்த ஆண்டே தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. மரங்களையெல்லாம் வெட்டிச் சட்டை மாதிரி ஏதோ ஒன்றைப் பின்னி விற்கும் ஒன்ஸ்லரின் கதை. புத்தகத்தில் ஒன்ஸ்லருக்கு முகமே கிடையாது. இரண்டு பச்சைக் கைகள் மட்டும் தெரியும். பேராசை பிடித்து எல்லாவற்றையும் அழித்த பிறகு, அவனே வருந்தித் தன் கதையை ஒரு பையனிடம் சொல்லிக் கடைசி விதையைக் கொடுக்கிறான். அந்தக் கைகள் யாருடையவையாகவும் இருக்கலாம் என்பதுதான் படிக்கிற குழந்தையைத் தொந்தரவு செய்யும் இடம்.

2012இல் அதைப் பெரிய படமாக எடுத்தார்கள். ஒன்ஸ்லருக்கு அழகான இளைஞன் முகம் கிடைத்தது, குற்றத்தை ஏற்க ஆள் வேண்டுமே என்று பாட்டில் காற்று விற்கும் குள்ள முதலாளி ஒருவன் புதிதாக வந்தான். வில்லன் இல்லாமல் எழுதிய கதைக்கு நாற்பது ஆண்டு கழித்து வில்லன் தேவைப்பட்டுவிட்டான். படத்தின் வண்ண மரங்களுக்கு நடுவே மஸ்டா நிறுவனத்தின் எஸ்யூவி கார் ஓடும் விளம்பரமும் வந்தது. மரத்துக்காகப் பேசும் லோராக்ஸின் கதை காரையும் விற்றது. குழந்தைகளுக்கு முரண் புரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏழெட்டு வயதில் அவர்கள் முதலில் கண்டுபிடிப்பதே பெரியவர்களின் முரண்களைத்தான்.

கார்ட்டூனில் அன்பு எளிதாக வரும், கோபமும் எளிதாக வரும். பொறுப்பு மூன்றாவது சங்கதி. பொறுப்பு என்பது தினமும் செய்ய வேண்டிய, அலுப்பூட்டுகிற, யாரும் கைதட்டாத வேலை. அதைச் சுவாரசியமாகக் காட்ட முடியுமா? முடிந்திருக்கிறது. 1970களில் பிபிசியில் 'வாம்பிள்ஸ்' என்று ஒரு பொம்மை அசைவுத் தொடர் வந்தது. லண்டனில் விம்பிள்டன் பொதுவெளியில் வளைக்குள் வாழும் மூக்கு நீண்ட, ரோமம் அடர்ந்த உயிர்கள். மனிதர்கள் போட்டுவிட்டுப் போவதைப் பொறுக்கிக்கொண்டு வந்து அதிலிருந்து ஏதாவது செய்வதுதான் அவற்றின் பிழைப்பு. பறக்கும் ஹீரோ இல்லை, உலகம் அழியும் அபாயமும் இல்லை. குப்பையை எடுப்பார்கள், அதை என்ன செய்யலாம் என்று யோசிப்பார்கள், சொதப்புவார்கள், மறுபடி செய்வார்கள். மறுசுழற்சி என்ற சொல் வீடுகளுக்குள் நுழையும் முன்பே அந்த வேலையைக் குழந்தைகள் ரசித்துப் பார்த்தார்கள். மூன்று கால் நாயின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். குழந்தை கண்ணால் பார்த்தது கீழே கிடந்ததைக் குனிந்து எடுப்பதை. அது எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் அதுவே. எந்தத் தாவலும் தேவையில்லை.

இதற்கு வலுச் சேர்க்கும் ஓர் ஆய்வு டொராண்டோவில் நடந்தது, 2018இல் வெளியானது. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினார்கள். சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடு, சிலருக்குச் சட்டை போட்ட விலங்குகளோடு. மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட குழந்தைகள் அப்புறம் தங்களிடம் இருந்ததை அதிகம் பகிர்ந்தார்கள். விலங்குக் கதைக்கு அந்த விளைவு இல்லை. கால்சட்டை போட்ட கரடி நம்மில் ஒருவன் என்று குழந்தைக்குத் தோன்றுவதில்லை போலும். தன் வயதுப் பிள்ளை, தன் வீடு மாதிரி வீடு, அங்கே ஒரு குழாய், ஒரு குப்பைக் கூடை. நடப்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஒட்டும்.

வயது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல எண்ணம் உள்ளவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உருகும் பனி, எரியும் காடு, மூச்சுத்திணறும் ஆமை என்று ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்டினால் அக்கறை வரும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996இலேயே இதை எச்சரித்தார். நான்காம் வகுப்புக்கு முன்னால் பேரழிவுகளைக் கொண்டுபோக வேண்டாம், முதலில் மண்ணோடும் மரத்தோடும் பழக விடுங்கள் என்பது அவர் வாதம். தொலைவில் நடக்கும், தன்னால் எதுவும் செய்ய முடியாத கேட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை பயந்து விலகிக்கொள்ளும். 2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுவரையான பத்தாயிரம் பேரிடம் நடந்த கணக்கெடுப்பில் 59 விழுக்காட்டினர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் அல்லது மிக மிகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். இளைஞர்களிடம் கவலைக்குப் பஞ்சமில்லை. கையில் எடுத்துச் செய்ய என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்னும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வில்லனே இல்லாத கதையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'இளவரசி மொனோனோகே' 1997இல் வந்தது. அதில் காட்டை வெட்டி இரும்பு உருக்கும் எபோஷி என்ற தலைவி, தொழுநோயாளிகளுக்கும் விற்கப்பட்ட பெண்களுக்கும் வேலையும் மரியாதையும் தருகிறவள். காட்டின் பக்கமும் நியாயம், உலையின் பக்கமும் நியாயம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தால் நல்ல அறிகுறி.

பொறுப்பு என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கவும் வேண்டியிருக்கிறது. யாருடைய பொறுப்பு? 1971இல் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. சாலையோரம் வீசிய குப்பையைப் பார்த்து ஒரு செவ்விந்தியர் ஒற்றைக் கண்ணீர் விடுவார். (நடித்தவரின் பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள், அது தனிக் கதை.) மாசு செய்வது மக்கள், நிறுத்த வேண்டியதும் மக்கள் என்றது அது. விளம்பரத்தை வெளியிட்ட அமைப்புக்குப் பின்னால் இருந்தவர்களில் பானத் தொழில்காரர்களும் டப்பா, பாட்டில் செய்பவர்களும் உண்டு. திருப்பிக் கொடுக்கும் கண்ணாடி பாட்டில் போய்த் தூக்கிப்போடும் பாட்டில் வந்துகொண்டிருந்த காலம். வீசியவன் கெட்டவன் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், வீசத்தான் முடியும் என்ற மாதிரி அதைச் செய்தவர் யார் என்ற கேள்வி எழாது. குழந்தைகள் கார்ட்டூன்கள் பலவும் இந்த இடத்தில் தெரியாமலே அதே பாட்டைப் பாடுகின்றன. காகிதத்தைக் கூடையில் போடு, குழாயை மூடு, விளக்கை அணை. எல்லாம் சரிதான், பிள்ளை செய்யக்கூடியதும் அதுதான். ஆனால் பத்து வயதில் ஒரு பிள்ளை, 'இந்த மிட்டாய்க்கு எதற்கு மூன்று உறை?' என்று கேட்டால் அதுவும் பொறுப்புதான். சொல்லப்போனால் அதுதான் பெரிய பொறுப்பு. அந்தக் கேள்வியை ஒரு கார்ட்டூன் பாத்திரம் கேட்டு நான் பார்த்ததில்லை. விளம்பர இடைவேளையில் அதே மிட்டாய் வருமே!

பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் மாறுகிறார்களா என்றால், மாறுகிறார்கள். வட கரோலினாவில் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் காலநிலை பற்றிப் பாடம் நடத்தி, வீட்டில் பெற்றோரிடம் அதைப் பற்றிப் பேட்டி எடுத்து வரச் சொன்னார்கள். 2019இல் வெளியான முடிவு பலருக்கு வியப்பு: பெற்றோரின் அக்கறை கூடியது. முன்பு இதையெல்லாம் நம்பாத பழமைவாதப் பெற்றோரிடமும் அப்பாக்களிடமும் அதிகமாகக் கூடியது. பிள்ளைகளில் பெண் பிள்ளைகளின் பேச்சுக்கு வலு கூடுதல். அங்கே வேலை செய்தது திரையும் இல்லை, அறிவுரையும் இல்லை. வகுப்பில் கற்றதைச் சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒரு பெண் பேசினாள், அவ்வளவுதான்.

திரையால் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, பெயர் சொல்லிக் கொடுப்பது. 2002இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பிரிட்டன் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு வகைப் படங்களைக் காட்டினார்கள், உள்ளூர் உயிரினங்கள் ஒரு பக்கம், போக்கிமான் பாத்திரங்கள் இன்னொரு பக்கம். எட்டு வயதில் போக்கிமானில் கிட்டத்தட்ட எண்பது விழுக்காட்டை அடையாளம் சொன்ன பிள்ளைகள், உண்மை உயிரினங்களில் பாதியைத்தான் சொன்னார்கள். பிள்ளைகளின் தலையில் இடம் இல்லை என்று இதைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா? இடம் ஏராளம், நிரப்பியவர்கள் வேறு. வித்தியாசம் தெரியாத நூற்றுக்கணக்கான கற்பனைப் பிராணிகளின் உணவு, பலம், வளர்ச்சி நிலை எல்லாம் மனப்பாடமாகும் என்றால் வண்டுகளின் பெயரும் ஆகும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நிஜக் கடல் உயிரியை வைத்துக் கதை சொல்லும் 'ஆக்டோநாட்ஸ்', உண்மை விலங்குகளின் உடலமைப்பை வைத்துச் சாகசம் செய்யும் 'வைல்ட் கிராட்ஸ்' போன்ற தொடர்கள் இந்தத் தடத்தில் போகின்றன. ஆக்டோநாட்ஸ் பார்க்கும் ஐந்து வயதுக்காரர் சிலர் திடீரென்று கடல் வெள்ளரியைப் பற்றி விளக்க ஆரம்பிப்பார்கள், வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ரகசியமாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். பெயர் தெரியாத ஒன்று காணாமல் போனால் யாருக்கும் தெரிய வராது, அதனால் இது சின்ன வேலை இல்லை. டிஸ்னி படங்களின் எழுபது ஆண்டுக் காட்சிகளை அளந்து பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், பின்னால் வந்த படங்களில் வெளிப்புற இயற்கை குறைந்து, தெரியும் உயிரினங்களின் வகையும் குறைந்ததாகச் சொன்னார்கள். வரைபவரும் காட்டைப் பார்க்காமல் வளர்ந்தவராக இருந்தால் கதையின் பின்னணியில் பச்சையாக ஏதோ ஒன்று மட்டும் தெரியும்.

வீட்டிலோ வகுப்பிலோ பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு யோசனை. முடிந்ததும் 'என்ன கத்துக்கிட்டே?' என்று கேட்காமல் 'என்ன பார்த்தே?' என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கால் நாய் எங்கே நிற்கிறது என்று அப்போது தெரியும். அங்கிருந்து அடுத்த தாவலுக்கு நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும். 'அந்தப் பீப்பாயில் இருந்தது எங்கிருந்து வந்திருக்கும்?' என்று ஒரு கேள்வி போதும். சில நாள் அதுவும் வேண்டாம், பிள்ளை சும்மா சிரித்துவிட்டுப் போகட்டும்.

1988இல் வந்த மியாசாகியின் 'டோட்டோரோ' படத்தில் சூழலைக் காப்பாற்று என்று ஒரு வசனம்கூடக் கிடையாது. ஊருக்குப் புதிதாக வந்த இரண்டு சிறுமிகள், ஒரு பெரிய மரம், அதில் குடியிருக்கும் கொழுத்த, சாதுவான ஏதோ ஒன்று. படத்தின் கிராமத்துக்குச் சாயல் தந்த சயாமா குன்றுகள் டோக்கியோவின் ஓரத்தில் இருக்கின்றன, வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்தன. அதைத் தடுக்க 1990இல் அங்கே உள்ளவர்கள் மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கியபோது டோட்டோரோவின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திக்கொள்ள மியாசாகி அனுமதித்தார். அடுத்த ஆண்டு முதல் துண்டு நிலத்தை வாங்கினார்கள். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் 'டோட்டோரோ காடு' என்ற பெயரில், எண் போட்டு, அறக்கட்டளையின் கையில் இருக்கின்றன. ராஸ்கலை நேசித்த குழந்தைகளைவிட டோட்டோரோவை நேசித்தவர்கள் நல்லவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ராஸ்கலைக் கடையில் வாங்க முடிந்தது. உயிருள்ள டோட்டோரோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, அது இருக்க வேண்டுமானால் மரத்தைத்தான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் அந்தக் காட்டுக்குள் போய்ப் புதர் வெட்டுகிறார்கள், மூங்கிலைக் கட்டுக்குள் வைக்கிறார்கள், யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன குப்பையைப் பொறுக்குகிறார்கள்.